அக்ரிலிக் பெயின்டிங் கற்றுக்கொள்வோம்: ஈரத்தில் தண்ணீர், காய்ந்தால் பிளாஸ்டிக்!



மண் பூந்தொட்டிக்கு வாட்டர் கலர் அடித்துப் பார்த்தவர்கள் நம்மில் நிறையப் பேர் இருப்பீர்கள். அடித்த அன்றைக்கு ஜோராக இருக்கும். மறுநாள் செடிக்குத் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும்? சிவப்பும் பச்சையும் ஒன்றாகக் கரைந்து வராண்டாவில் ஓடும்! போஸ்டர் கலருக்கும் இதே கதிதான். தண்ணீர் பட்டாலும் கரையாத கலர் வேண்டும் என்றால் அதற்கு இருப்பது அக்ரிலிக் பெயின்ட்.

ஸ்டேஷனரி கடையில் 15 மி.லி. அளவில் சின்னச் சின்ன பாட்டிலாகக் கிடைக்கும். வாங்கி வந்து திறந்து அடிக்க வேண்டியதுதானே என்று நினைக்காதீர்கள். இந்தப் பெயின்டைப் பற்றி ஒரே ஒரு விஷயம் தெரியாமல் ஆரம்பித்தால் பிரஷ்ஷும் போச்சு, யூனிஃபார்மும் போச்சு! அந்த ஒரு விஷயம் இதுதான்:

ஈரமாக இருக்கும்போது அது தண்ணீர் மாதிரி. காய்ந்துவிட்டால் அது பிளாஸ்டிக்.

இதை மட்டும் மனசில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. அக்ரிலிக் என்றால் என்ன?

இதில் மூன்று பொருள்கள் முக்கியம். ஒன்று, நிறத்தூள். இரண்டு, அக்ரிலிக் என்னும் பிளாஸ்டிக்கின் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள். மூன்று, தண்ணீர். பாட்டிலுக்குள் இந்தத் துகள்கள் தண்ணீரில் தனித்தனியாக மிதந்துகொண்டு இருக்கும். நாம் அடித்ததும் தண்ணீர் ஆவியாகிவிடும். துகள்கள் நெருங்கி வந்து ஒன்றோடு ஒன்று ஒட்டி, மெல்லிய தோல் மாதிரி ஆகிவிடும். அதற்குள் நிறத்தூள் மாட்டிக்கொள்ளும். அப்புறம் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் அந்தத் தோல் திரும்பக் கரையாது.

புரியவில்லையா? ஃபெவிகாலை நினைத்துப் பாருங்கள். ஊற்றும்போது பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். காய்ந்ததும் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். விரலில் பட்டுக் காய்ந்தால் தோல் தோலாக உரித்து விளையாடுவோமே! ஃபெவிகால் வேறு பொருள். ஆனால் காய்கிற முறை இதே மாதிரிதான்.

இதனால்தான் அக்ரிலிக் கலர், ஈரத்தில் கொஞ்சம் வெளிறித் தெரியும். காய்ந்ததும் ஒரு படி அடர்த்தியாகிவிடும். பால் நிறம் போய்விடுகிறது அல்லவா! அதனால் கலர் கலக்கும்போது நீங்கள் நினைப்பதைவிடக் கொஞ்சம் வெளிர் நிறமாகவே கலக்க வேண்டும்.

உங்களுக்குத் தெரியுமா?

தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் ஓவியக் கலர் 1950-களில் அமெரிக்காவில் கடைக்கு வந்தது. இதே அக்ரிலிக்கை வீட்டுச் சுவர் பெயின்டிலும் சேர்த்தார்கள். இன்று நம் ஊரில் சுவருக்கு அடிக்கிற எமல்ஷன் பலதும் இந்தக் குடும்பம்தான்.

இங்கிலாந்து ஓவியர் டேவிட் ஹாக்னி 1967-ல் ஒரு நீச்சல் குளத்தை அக்ரிலிக்கில் வரைந்தார். ஒருவர் குதித்தவுடன் தண்ணீர் மேலே தெறிக்கும் படம் அது. பரந்த நீல நிறத்தை ரோலரால் அடித்துவிட்டார். ஆனால் 2 விநாடியில் மறைந்துபோகும் அந்தத் தண்ணீர்ச் சிதறலைச் சின்ன பிரஷ்ஷால் வரைய ஏறக்குறைய 2 வாரம் ஆனதாம்! அதனால் நமக்கு ஒரு பூ வரைய ஒரு பீரியட் ஆனால் கவலைப்படாதீர்கள்.

2. தேவையான பொருள்கள்

* சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை, கறுப்பு ஆகிய 5 பாட்டில்கள் (இவை போதும்)
* தட்டை பிரஷ் ஒன்று, நுனி கூரான சின்ன பிரஷ் ஒன்று (0 அல்லது 1 நம்பர்)
* தண்ணீர் வைக்க 2 டப்பா (ஒன்று பிரஷ் கழுவ, ஒன்று கலர் கலக்க)
* பழைய பனியன் துணி, பழைய நியூஸ் பேப்பர்
* கலர் கலக்கப் பழைய பிளாஸ்டிக் மூடி
* உப்புத்தாள், பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு, தீக்குச்சி

பழகுவதற்குப் புதுத் தொட்டி வாங்க வேண்டாம். உடைந்த கூரை ஓடு, உடைந்த பானைத் துண்டு போதும். கூரான ஓரத்தை மட்டும் தரையில் தேய்த்து மழுக்கிக்கொள்ளுங்கள்.

3. தொட்டியைத் தயார் செய்தல்

இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். தொட்டி மேல் தூசியோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் பெயின்ட் தொட்டியில் ஒட்டாது, தூசியில்தான் ஒட்டும். பிறகு பொரிந்து உதிரும். எனவே தொட்டியைத் தேங்காய் நார் போட்டுக் கழுவி, ஒரு நாள் முழுக்க வெயிலில் காய வையுங்கள். உள்ளே ஈரம் இருந்தால் அது வெளியே வரும்போது பெயின்டைத் தள்ளிவிடும். காய்ந்த பிறகு உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, துணியால் துடையுங்கள்.

சுட்ட மண்ணில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. நேரடியாக அடித்தால் முதல் கோட் பெயின்டைத் தொட்டியே குடித்துவிடும்! அதனால் முதலில் ஓர் அடிப்பூச்சு கொடுக்க வேண்டும். நாமே செய்யலாம்:

ஃபெவிகால் 1 பங்கு, தண்ணீர் 1 பங்கு. இதில் பொடித்துச் சலித்த சாக்பீஸ் தூளைத் தோசை மாவுப் பதம் வரும் வரை சேர்த்துக் கலக்குங்கள். வெள்ளைப் பெயின்ட் இருந்தால் கொஞ்சூண்டு சேர்க்கலாம். இதைத் தொட்டியின் வெளிப்பக்கம் மட்டும் ஒரு கோட் அடித்துக் காய விடுங்கள். (சாக்பீஸ் தூள் மூக்கில் ஏறாமல் பார்த்துக்கொள்ளவும். போர்டுக்கு அடியில் விழுந்து கிடக்கும் துண்டுகளே போதும், டீச்சரிடம் புது டப்பா கேட்காதீர்கள்!) ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். ஃபெவிகால் அக்ரிலிக் அளவுக்குத் தண்ணீரைத் தாங்காது. அதனால் தினமும் தண்ணீர் படுகிற தொட்டிக்கு ஃபெவிகாலுக்குப் பதிலாக வெள்ளை அக்ரிலிக்கையே அடிப்பூச்சாக அடிப்பது நல்லது. சாக்பீஸ் கலவை ஓட்டுத் துண்டுக்கும் ஷோகேஸ் பொருளுக்கும் ஏற்றது.

4. பதம்தான் முக்கியம்

சமையலில் பதம் பார்ப்பது போல இதிலும் மூன்று பதம் இருக்கிறது.

* கெட்டித் தயிர்ப் பதம்: பாட்டிலில் இருப்பது அப்படியே. புள்ளி வைக்க, மேடாகத் தெரிய.
* தோசை மாவுப் பதம்: சில சொட்டுத் தண்ணீர் சேர்த்தது. பரப்பி அடிக்க.
* பால் பதம்: இன்னும் கொஞ்சம் தண்ணீர். மெல்லிய கோடு இழுக்க.

இதற்கு மேல் தண்ணீர் சேர்த்தால் ஆபத்து. ஏன் தெரியுமா? நிறத்தூளைப் பிடித்து வைப்பது அந்தப் பிளாஸ்டிக் துகள்கள்தான். தண்ணீர் அதிகமானால் அவை ஒன்றுக்கொன்று எட்டாமல் விலகிவிடும். காய்ந்த பிறகு கையால் தேய்த்தால் கலர் பவுடராக வரும்.

5. அடிக்கும் முறை

ஒரே கோட்டில் தடிமனாக அடிக்கக் கூடாது. மெல்லியதாக 2 கோட் அடிக்க வேண்டும். முதல் கோட் குறுக்காக. காய்ந்த பிறகு இரண்டாவது கோட் மேலிருந்து கீழாக. அப்போதுதான் பிரஷ் கோடுகள் தெரியாது.

ஒரு கோட் காய எவ்வளவு நேரம்? மெல்லிய பூச்சு என்றால் சுமார் 15, 20 நிமிடம். சித்திரை வெயிலில் இன்னும் சீக்கிரம், ஐப்பசி மழையில் இன்னும் தாமதம். புறங்கையால் தொட்டுப் பாருங்கள். ஜில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். பாதி காய்ந்ததை மறுபடி தேய்த்தால் தோல் பிய்ந்து திட்டுத் திட்டாகிவிடும். பொறுமை வேணும்!

6. ஐந்து எளிய நுணுக்கங்கள்

(அ) ஸ்பாஞ்ச் ஒற்றல்: ஸ்பாஞ்ச் துண்டைக் கலரில் தொட்டு, முதலில் பேப்பரில் இரண்டு தடவை ஒற்றி எடுங்கள். பிறகு தொட்டியில் ஒற்றுங்கள். தேய்க்கக் கூடாது. மேகம், புல், மர இலைக் கூட்டம் எல்லாம் இப்படிச் செய்யலாம். பிரஷ் பிடிக்கத் தெரியாத ஆறாம் வகுப்புத் தம்பி தங்கைகள்கூட முதல் நாளே செய்துவிடுவார்கள்.

(ஆ) புள்ளி வைத்தல்: தீக்குச்சியின் அடிப்பக்கம், தீர்ந்துபோன ரீஃபில், பென்சிலின் பின்பக்கம் எல்லாம் புள்ளி வைக்க உதவும். ஒரு தடவை கலரைத் தொட்டு வரிசையாக வைத்துக்கொண்டே போனால் புள்ளிகள் பெரிதிலிருந்து சிறிதாகக் குறையும். ஒரே அளவு வேண்டுமானால் ஒவ்வொரு புள்ளிக்கும் புதிதாகத் தொட வேண்டும். கோலம் போடுகிறவர்களுக்கு இது கை வந்த கலை.

(இ) உலர்ந்த பிரஷ்: தட்டை பிரஷ்ஷில் கொஞ்சம் கலர் எடுத்து, பேப்பரில் தேய்த்துத் தேய்த்து ஏறக்குறைய எல்லாக் கலரையும் போக்கிவிடுங்கள். இப்போது சொரசொரப்பான இடத்தில் லேசாக இழுத்தால் மேடான இடத்தில் மட்டும் கலர் பிடிக்கும், பள்ளத்தில் பிடிக்காது. பழைய மரப்பட்டை, பாறை, யானைத் தோல் மாதிரி வரும்.

(ஈ) ஈரத்தோடு ஈரம் சேர்த்தல்: மேலே நீலம், கீழே வெள்ளை, நடுவில் இரண்டும் கலந்த வானம் வேண்டுமா? இரண்டையும் அருகருகே அடித்து, காய்வதற்குள் சுத்தமான ஈர பிரஷ்ஷால் நடுவில் இப்படியும் அப்படியும் இழுங்கள். சீக்கிரம் செய்யணும். ஃபேனை நிறுத்திவிடுங்கள். இல்லேன்னா பாதியிலேயே காய்ந்துவிடும்.

(உ) கோடு இழுத்தல்: பால் பதக் கலர், கூரான பிரஷ். சுண்டு விரலைத் தொட்டி மேல் ஊன்றிக்கொண்டு, பிரஷ்ஷை உங்கள் பக்கமாக இழுங்கள். தள்ளினால் நடுங்கும். நேர்க்கோட்டு பார்டர் வேண்டுமானால் செல்லோ டேப் ஒட்டி அடிக்கலாம். ஆனால் பெயின்ட் முழுக்கக் காய்வதற்கு முன்பே டேப்பை மெதுவாக உரிக்க வேண்டும். காய்ந்த பிறகு உரித்தால் பிளாஸ்டிக் தோலும் சேர்ந்து கிழிந்து வரும். (பார்த்தீர்களா, மறுபடி அதே விஷயம்!)

7. கலர் கலக்கும்போது

எப்போதும் வெளிர் நிறத்தில் அடர் நிறத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். மஞ்சளில் ஒரு சொட்டு நீலம் விட்டாலே பச்சை வந்துவிடும். நீலத்தில் மஞ்சள் சேர்த்துப் பச்சையாக்கப் போனால் பாட்டிலே காலியாகிவிடும். சிவப்பும் மஞ்சளும் சேர்ந்தால் ஆரஞ்சு, அதில் கொஞ்சம் நீலம் சேர்த்தால் மண் நிறம். கறுப்பை ஊசி முனையளவு சேருங்கள், போதும்.

தவறாக அடித்துவிட்டால்? ஈரமாக இருந்தால் ஈரத் துணியால் துடைத்துவிடலாம். காய்ந்துவிட்டால் அதன் மேலேயே வேறு கலர் அடித்து மறைக்கலாம். வாட்டர் கலரில் இந்த வசதி கிடையாது. ஆனால் கறுப்பு மேல் நேரடியாக மஞ்சள் அடித்தால் மறைக்காது. முதலில் வெள்ளை, அப்புறம் மஞ்சள்.

8. பிரஷ்ஷைக் காப்பாற்றுங்கள்!

இதைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நம் பள்ளியில் ஒரு பிரஷ்ஷை நாலு பேர் மாற்றி மாற்றி வைத்துக்கொள்கிறோம். ஒருத்தர் கழுவாமல் வைத்தால் மற்ற மூன்று பேருக்கும் அந்த வருஷம் பிரஷ் இல்லை. முடிக்குள் பெயின்ட் காய்ந்துவிட்டால் அது பிரஷ் இல்லை, குச்சி!

* கலர் மாற்றும்போது பேப்பரில் துடைத்துவிட்டுத் தண்ணீரில் அலசவும்.
* இடையில் நிறுத்தினால் பிரஷ்ஷை ஈரத்திலேயே வைக்கவும். ஆனால் முடி கீழே ஊன்றும்படி டப்பாவில் நிறுத்தக் கூடாது, வளைந்துவிடும். படுக்க வைத்து ஈரத்துணி சுற்றவும்.
* முடிந்ததும் உள்ளங்கையில் சோப்பு தேய்த்து, நுரையில் கலர் வராத வரை கழுவவும். முடியின் அடிப்பகுதி முக்கியம்.
* நுனியைக் கூராக்க வாயில் வைத்து உறிஞ்சுவது வேண்டவே வேண்டாம். விரலாலேயே கூராக்கலாம்.

யூனிஃபார்மில் பட்டுவிட்டால் பெல் அடிக்கும் வரை காத்திருக்காமல் அந்த நிமிடமே கழுவுங்கள். காய்ந்தால் அம்மா எத்தனை சோப்பு போட்டாலும் போகாது.

9. எதன் மேல் அடிக்கக் கூடாது?

கலர் கையில் கிடைத்தால் கண்ணில் பட்டதற்கெல்லாம் அடிக்கத் தோன்றும். ஆனால் பிளாஸ்டிக் தோல் போடுகிறோம் என்பதை மறக்கக் கூடாது.

தண்ணீர்ப் பானை: எங்கள் தெருவில் ஓர் அக்கா குடிதண்ணீர்ப் பானை முழுக்க மயிலும் தாமரையும் வரைந்தாங்க. பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் அந்தக் கோடையில் பானைத் தண்ணீர் குழாய்த் தண்ணீர் மாதிரியே இருந்தது, ஜில்லென்று ஆகவே இல்லை. பானை செய்கிற தாத்தா வந்து பார்த்துவிட்டு, "பானை மூச்சு விடணும் பாப்பா, நீ வாயை அடைச்சிட்டே" என்றார். அவர் சொன்னது நம் அறிவியல் பாடம்தான். மண்பானையின் துளை வழியாகத் தண்ணீர் கசிந்து வெளிப்பக்கம் ஆவியாகும். ஆவியாகும்போது பானையின் வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகும். அதனால்தான் தண்ணீர் குளிர்கிறது. துளையை அக்ரிலிக்கால் அடைத்துவிட்டால் ஆவியாவது எப்படி? குளிர்வது எப்படி? பானைக்கு அழகு வேண்டுமானால் கழுத்தில் மட்டும் ஒரு பார்டர் போதும்.

அகல் விளக்கு: கார்த்திகை வந்தால் எல்லாரும் கலர் விளக்கு செய்ய ஆசைப்படுவோம். பிளாஸ்டிக் சூட்டில் இளகும், தீப்பட்டால் எரியும். உள்பக்கமும் திரி வைக்கும் மூக்கும் தொடவே கூடாத இடங்கள். வெளிப்பக்கம் அடித்தாலும் எண்ணெய் மண்ணில் ஊறி வெளியே வந்து பெயின்டை உரித்துவிடும். எனவே கலர் விளக்கு அலங்காரத்துக்கு. ஏற்றுவதற்கு வெறும் மண் விளக்கு. அதுதான் பாதுகாப்பு.

சாப்பிடும் பாத்திரம்: டம்ளர், தட்டு ஆகியவற்றின் உள்பக்கமும் உதடு படும் விளிம்பும் வேண்டாம். பாட்டிலில் விஷமற்றது என்று போட்டிருந்தாலும் அது சாப்பிடும் பொருள் என்று அர்த்தம் இல்லை.

பூந்தொட்டி: தாராளமாக அடிக்கலாம். ஆனால் வெளிப்பக்கம் மட்டும். அடித்துளையை அடைத்துவிடாதீர்கள். பெயின்ட் அடித்த தொட்டியில் ஈரம் அதிக நாள் நிற்கும். அதனால் மண்ணைத் தொட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். இல்லையென்றால் வேர் அழுகிவிடும்.

10. மிச்சத்தை என்ன செய்வது?

பிரஷ் கழுவிய தண்ணீரைக் குழாயடியிலோ குளத்திலோ கொட்டினால் அந்தப் பிளாஸ்டிக் துகள்களும் அங்கேதான் போகும். அதனால் முதலில் பிரஷ்ஷையும் மூடியையும் பேப்பரில் நன்றாகத் துடைத்துவிட்டுப் பிறகு கழுவுங்கள். தண்ணீரில் போகும் பெயின்ட் பெருமளவு குறைந்துவிடும். மூடியில் மிச்சமான பெயின்டைக் காய விட்டால் தோலாக உரிந்து வரும். அதைக் குப்பைத் தொட்டியில் போடுங்கள், எரிக்காதீர்கள்.

11. கேட்டீர்கள், சொல்கிறேன்

*பாட்டில் கெட்டியாகிவிட்டால் தண்ணீர் ஊற்றிச் சரி செய்யலாமா?*
கொஞ்சம் கெட்டி என்றால் சில சொட்டு விட்டுக் கலக்கலாம். ரப்பர் மாதிரி ஆகிவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. மூடியின் மரையைத் துடைத்து இறுக்கி மூடினால் இந்தப் பிரச்சினை வராது.

*மேலே வார்னிஷ் அடிக்கணுமா?*
வெயில், மழையில் வைக்கும் தொட்டிக்கு அடித்தால் நல்லது. பெயின்ட் அடித்து ஒரு நாளாவது கழித்துத்தான் அடிக்க வேண்டும். உள்ளே ஈரம் இருந்தால் வெள்ளையாகப் பூத்துவிடும்.

*எனக்கு வரையவே வராது, நானும் செய்யலாமா?*
தாராளமாக! ஸ்பாஞ்ச் ஒற்றலும் தீக்குச்சிப் புள்ளியும் மட்டுமே வைத்து ஒரு தொட்டியை முடித்துவிடலாம்.

தோழர்களே, தோழிகளே! இந்த வாரக் கடைசியில் ஆளுக்கு ஓர் ஓட்டுத் துண்டு எடுத்து ஸ்பாஞ்ச், புள்ளி, கோடு மூன்றையும் பழகிப் பாருங்கள். திங்கட்கிழமை கொண்டு வந்தால் எங்கள் வகுப்பு ஜன்னல் திண்டில் வரிசையாக வைப்போம். கலர் மட்டும் காய்ந்திருக்கணும், பிரஷ் மட்டும் கழுவியிருக்கணும்!



— 9-ஆம் வகுப்பு மாணவி